வீடு வாங்கினார், கூடவே கடனும் வந்தது!
விற்றவர் வைத்த அடமானத்துக்கு வாங்கியவர் வீட்டுக் கதவில் நோட்டீசு

சென்னை:-

கிரயப் பத்திரம் கையில் இருக்கிறது. "வில்லங்கம் இல்லை" என்று ரிஜிஸ்திரார் ஆபீசு கொடுத்த சான்றிதழ் இருக்கிறது. பட்டா பெயர் மாறி விட்டது. வீட்டு வரி ரசீதும் கரண்டு பில்லும் உங்கள் பெயரில் வருகின்றன. ஒரு நாள் காலையில் நாலு பேர் வந்து, கதவில் பசை தடவி, நோட்டீசு ஒட்டி, அதைப் போட்டோவும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். "இந்த வீடு பாங்கியின் வசம் எடுத்துக்கொள்ளப்பட்டது" என்கிறது நோட்டீசு.

யார் வாங்கிய கடனுக்கு? உங்களுக்கு வீட்டை விற்ற ஆசாமி, தன் மைத்துனருக்கு ஜாமீன் போட்ட கடனுக்கு!

வட சென்னையில் ஒரு குடும்பத்துக்கு நிஜமாகவே இது நடந்தது. அவர் ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "கடையிலே தெரிஞ்சா, கணக்குப்பிள்ளையே ஏமாந்துட்டான்னு சிரிப்பாங்க" என்றார்.

கால் கிரவுண்டு வீடு

இருபது வருஷத்துக்கு மேல் சேர்த்த பணம், மனைவி கட்டிய சீட்டு, ஊரில் அரை ஏக்கர் புஞ்சையை விற்ற பணம். எல்லாம் சேர்த்து 2019ம் ஆண்டு கால் கிரவுண்டில் ஒரு மாடி வீடு வாங்கினார். விலை ரூ.31 லட்சம். கடன் ஒரு பைசா கிடையாது. அந்தச் சந்தோஷம் அவருக்கு.

அந்தச் சந்தோஷத்தில்தான் வினை ஒளிந்திருந்தது. பாங்கியில் வீட்டுக் கடன் கேட்டுப் போயிருந்தால், பாங்கி வக்கீல் முதல் வேலையாக, "மூலப்பத்திரம் ஒரிஜினல் எங்கே?" என்று கேட்டிருப்பார். கைப்பணம் போட்டு வாங்கியதால் அந்தக் கேள்வியை அழுத்திக் கேட்க ஆள் இல்லை.

இவரும் கேட்காமல் இல்லை. "1996ல் நான் வாங்கிய பத்திரம் பஸ்சில் தொலைந்து விட்டது" என்று சொன்னார் விற்றவர். போலீசு ஸ்டேஷனில் கொடுத்த புகார், "தேடியும் கிடைக்கவில்லை" என்ற சான்றிதழ், பத்திரிகையில் போட்ட விளம்பரம், ரிஜிஸ்திரார் ஆபீசில் வாங்கிய நகல். எல்லாவற்றையும் வரிசையாக மேஜையில் வைத்தார். புரோக்கரும் தலையை ஆட்டினார். 13 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார்கள். சுத்தம். கிரயம் முடிந்தது.

பத்திரம் பஸ்சில் தொலையவில்லை. 2009ம் ஆண்டு முதல் ஒரு பாங்கியின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது.

திருப்பி அனுப்பிய தபால்

இதில் வயிற்றைக் கலக்கும் சங்கதி ஒன்று உண்டு. 2021ல் கதவில் நோட்டீசு ஒட்டுவதற்கு முன்பே இரண்டு முறை அந்த வீட்டுக்கு ரிஜிஸ்தர் தபால் வந்திருக்கிறது. பழைய சொந்தக்காரர் பெயருக்கு வந்தது. பாங்கி ரிக்கார்டில் அவர் விலாசம் இந்த வீடுதானே!

கணக்குப்பிள்ளையின் மனைவி வாசலில் நின்று, "அவங்க வீட்டை வித்துட்டுப் போயிட்டாங்கப்பா" என்று சொல்லி தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்து விட்டார். அடுத்தவர் தபாலை வாங்கக் கூடாது என்ற நாணயம். அந்த உறைக்குள் இருந்தது, 60 நாளில் கடனைக் கட்டாவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்வோம் என்ற நோட்டீசு. 2002ம் ஆண்டு வந்த சர்பாசி சட்டப்படி அனுப்புவது. அந்தச் சட்டத்தில் பாங்கி சிவில் கோர்ட்டுக்குப் போய் வழக்குப் போட்டு டிக்கிரி வாங்க வேண்டியதில்லை. 60 நாள் கெடு முடிந்தால் நேரே வந்து ஒட்டி விடலாம். இரண்டு பத்திரிகையிலும் போட்டு விடுவார்கள்.

அன்று கடன் அசலும் வட்டியுமாக ரூ.14 லட்சத்து 60 ஆயிரம்.

விற்றவருக்கு போன் போட்டார். முதல் நாள், "பார்த்துக்கலாம் சார், நான் பேசறேன்" என்றார். மறுநாள் போன் சுவிட்சு ஆப். மூன்றாம் நாள் அவர் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போனால் பூட்டு தொங்கியது. ஆசாமி கம்பி நீட்டி விட்டார்.

"பாங்கிக்கு வீட்டைத்தான் தெரியும்"

தம்பு செட்டி தெருவில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார்கள். "நாங்க என்ன சார் தப்புப் பண்ணினோம்?" என்று அந்த அம்மா அழுதிருக்கிறார். வக்கீல் சொன்ன பதில்: "தப்பு உங்க மேலே இல்லைம்மா. ஆனா பாங்கிக்கு உங்களைத் தெரியாது. வீட்டைத்தான் தெரியும்."

சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. அடமானம் என்பது வெறும் கைமாற்றுக் கடன் அல்ல. வீட்டின் உரிமையில் ஒரு பங்கை கடன் கொடுத்தவருக்கு எழுதிக் கொடுப்பது. மிச்சத்தைத்தான் சொந்தக்காரர் விற்க முடியும். தன்னிடம் இல்லாததை அவர் எப்படி விற்பார்? வாங்கியவர் விவரம் தெரியாமல் வாங்கினார் என்பதற்காக அடமானம் அழிந்து போகாது. கடனைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளும் உரிமை மட்டும் அவருக்கு வந்து சேரும்.

பாங்கி கைவைத்த 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். கடன் வாங்கியவர்தான் போட வேண்டும் என்று இல்லை. பாதிக்கப்பட்ட யாரும் போடலாம். இவர்கள் போட்டார்கள். ஆனால் அங்கே போனாலும் பாங்கி நடைமுறையில் தவறியதா என்பதுதான் பெரிய கேள்வி. அடமானம் நிஜம் என்றால் அதிலிருந்து தப்புவது கஷ்டம்.

கடைசியில் பேச்சுவார்த்தை நடந்தது. பாங்கி ரூ.10 லட்சத்துக்கு இறங்கி வந்தது. அம்மாவின் நகை போயிற்று. மகள் கலியாணத்துக்கு என்று வைத்திருந்த பணம் போயிற்று. மீதிக்குக் கடை முதலாளியிடம் சம்பள அட்வான்சு. 1996ம் வருஷப் பத்திரம் இப்போது இவர்கள் பீரோவில் இருக்கிறது. விற்றவர் மீது போலீசில் புகார் கொடுத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு சிவில் கோர்ட்டிலும் வழக்குப் போட்டிருக்கிறார்கள். கட்டிய பணத்தை விற்றவரிடம் வசூலிக்க சட்டம் இடம் கொடுக்கிறது. ஆள் கிடைக்க வேண்டுமே!

சட்டத்தில் மெட்ராசின் பெயர்

வில்லங்கம் போட்டும் அடமானம் ஏன் தெரியவில்லை?

1882ம் ஆண்டு வந்த சொத்து மாற்றுச் சட்டத்தில் பல வகை அடமானம் உண்டு. எழுதி, சாட்சி வைத்து, ரிஜிஸ்தர் செய்வது ஒன்று. இன்னொன்று ரொம்ப சுலபம். வீட்டுப் பத்திரத்தைக் கொண்டு போய் கடன் கொடுப்பவர் கையில், "இது ஜாமீன்" என்று கொடுத்தால் போதும். எழுத்தும் வேண்டாம், ரிஜிஸ்தரும் வேண்டாம். வியாபாரிகளுக்கு அவசரத்துக்குப் பணம் புரட்ட இது வசதி. கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் என்று மூன்று ஊர் பெயரைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். மற்ற ஊர்களுக்கு சர்க்கார் தனியாக உத்தரவு போட வேண்டும். ஆக, சென்னைக்கு இது பரம்பரை வழக்கம்!

ரிஜிஸ்தர் ஆகாத ஒன்று வில்லங்க சான்றிதழில் எப்படி வரும்? அந்தக் கணக்குப்பிள்ளை 13 வருஷத்துக்குப் பதில் 30 வருஷத்துக்குப் போட்டிருந்தாலும் வந்திருக்காது.

2012 டிசம்பருக்குப் பிறகு தமிழ்நாட்டில் நிலைமை மாறியது. பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடனுக்கு எழுதும் ஒப்பந்தத்தையும் ரிஜிஸ்தர் செய்ய வேண்டும் என்று மாநிலத் திருத்தம் வந்தது. இப்போது வில்லங்கத்தில் "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு" என்று ஒரு வரி வருகிறதே, அது இதுதான். அந்த வரி இருந்து, அதற்குப் பிறகு "ரசீது" என்று ஒரு பதிவு இல்லை என்றால் கடன் இன்னும் நிற்கிறது என்று அர்த்தம். ஆனால் 2012க்கு முன்னால் வைத்ததும், எழுத்தே இல்லாமல் வட்டிக்காரரிடம் கையோடு கொடுத்ததும் இன்றைக்கும் வில்லங்கத்தில் தெரியாது.

பாங்கிகள் அடமானத்தைப் பதிவதற்கு மத்தியப் பதிவேடு ஒன்று 2011 மார்ச் முதல் நடக்கிறது. செர்சாய் என்பார்கள். சின்னக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் தேடலாம். ஒரே பத்திரத்தின் பேரில் நாலு பாங்கியில் கடன் வாங்கியவர்களைப் பிடிக்கவே இதை வைத்தார்கள். வீடு வாங்கும் எத்தனை பேர் இதைத் தேடுகிறார்கள்? எனக்குத் தெரிந்து, வக்கீல் சொல்லாமல் தேடியவரை நான் பார்த்ததில்லை. தெருவுக்குத் தெரு இருக்கும் வட்டிக் கடைக்காரர் கொடுத்த கடன் அதில் இருக்கும் என்றும் நம்ப முடியாது.

சரி, ரிஜிஸ்திரார் பார்க்க மாட்டாரா என்று கேட்பீர்கள். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று துருவுவது சப்-ரிஜிஸ்திராரின் அதிகாரத்தில் இல்லை என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. மூலப்பத்திரம் ஒரிஜினல் காட்டாவிட்டால் பதிய மாட்டோம் என்ற பதிவு விதியை அப்போது ரத்தும் செய்தது. ரிஜிஸ்தர் ஆபீசு முத்திரை என்பது, இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதற்குச் சாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு அது சொந்தம்தான் என்பதற்கு அல்ல.

"காணவில்லை" விளம்பரம்

பத்திரம் நிஜமாகவே தொலைவது உண்டு. வெள்ளத்தில் போகும், கரையான் அரிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனையோ வீட்டில் பீரோவோடு நனைந்து கூழாகிப் போனது. ஆகவே "தொலைந்தது" என்றாலே மோசடி என்று சொல்லி விட முடியாது.

ஆனால் மோசடிக்காரனுக்கும் அதே வழிதான் வசதி. பொடி எழுத்தில் வரும் விளம்பரத்தை பாங்கி மானேஜரா உட்கார்ந்து படிக்கப் போகிறார்? விளம்பரம் வாங்கிப் போடும் எங்களைப் போன்ற பத்திரிகைகளும் ஆளைப் பார்த்து விசாரிப்பது இல்லை. போலீசு ஸ்டேஷனில் சான்றிதழ் எழுதும் ஏட்டய்யாவும் ஒவ்வொரு பாங்கியாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

கேட்க வேண்டியவர் வாங்குகிறவர்தான். எந்தத் தேதியில் தொலைந்தது? எந்த பஸ்? தொலைந்து எத்தனை நாளில் புகார் கொடுத்தார்? விலை பேச ஆரம்பித்த பிறகு திடீரென்று "தொலைந்த" பத்திரம் என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும். விற்பவர் என்ன தொழில் செய்கிறார், கணக்கு எந்த பாங்கியில், யாருக்காவது ஜாமீன் போட்டாரா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தால் பாதி விஷயம் வெளியே வந்து விடும். நம் தெருக்களில் பெட்டிக் கடைக்காரருக்குத் தெரியாத கடன் கிடையாது.

இதைவிட மோசம், கலர் நகல் எடுத்து ஒரிஜினல் என்று காட்டுவது. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முத்திரைத்தாள் நீரெழுத்து தெரிய வேண்டும். விரலால் தடவினால் பழைய பேனா மையும் ரப்பர் ஸ்டாம்பும் தனித்தனியாகத் தெரியும்.

புரோநோட்டுக் கடன் வீட்டைத் தொடுமா?

இது வேறு கதை. விற்றவர் புரோநோட்டு எழுதிக் கொடுத்து, கைமாற்றாக, சீட்டில், மளிகைக் கடையில் என்று ஊரெல்லாம் கடன் வைத்திருக்கலாம். அந்தக் கடன் வீட்டோடு ஒட்டாது. கடன்காரர் வந்து உங்கள் வாசலில் நின்று சத்தம் போட்டால், "அவரிடம் போய்க் கேளுங்கள்" என்று சொல்லலாம்.

ஒட்டுவது எப்போது என்றால், கோர்ட்டு ஜப்தி செய்த பிறகு. கடன்காரர் வழக்குப் போட்டு, தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கலாம். டிக்கிரி வாங்கிய பிறகும் கேட்கலாம். அமீனா வந்து உத்தரவைக் கதவில் ஒட்டுவார். தமுக்கு அடித்துச் சொல்ல வேண்டும் என்று இன்றும் சிவில் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது! ஜப்திக்குப் பிறகு நடந்த விற்பனை அந்தக் கடன்காரர் முன்னால் செல்லாது. ஜப்திக்கு முன்பே கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்தாகி விட்டால், ரிஜிஸ்தர் பின்னால் நடந்திருந்தாலும் வாங்கியவர் பக்கம்தான் நியாயம் என்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சுமார் 35 வருஷத்துக்கு முன்பே சுப்ரீம் கோர்ட்டு சொல்லி இருக்கிறது.

இதிலும் ஒரு கொக்கி உண்டு. கடன்காரர்களை ஏமாற்ற வேண்டும் என்றே விற்ற விற்பனையைக் கடன்காரர் கோர்ட்டில் உடைக்கலாம். நல்ல எண்ணத்தோடு, விலை கொடுத்து வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் ரூ.40 லட்சம் பெறும் வீடு ரூ.22 லட்சத்துக்கு வருகிறது, இரண்டு நாளில் முடிக்க வேண்டும் என்கிறார்கள் என்றால், நாளைக்குக் கூண்டில் ஏறி "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்வதை ஜட்ஜு நம்ப வேண்டும் அல்லவா?

விற்பவர் பெயரைப் போட்டு கோர்ட்டு வெப்சைட்டில் வழக்கு இருக்கிறதா என்று இலவசமாகத் தேடலாம். ஒரே பெயரில் நூறு பேர் வருவார்கள். அப்பா பெயரையும் விலாசத்தையும் ஒத்துப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

வீட்டு வரி, கரண்டு பாக்கி

சின்னத் தொகை என்று விட்டு விடுகிறார்கள். பழைய சொந்தக்காரர் வைத்த வீட்டு வரி பாக்கிக்கு, தெரியாமல் வாங்கியவர் வீட்டை விற்க முடியாது என்று 1971ல் ஆமதாபாத் மாநகராட்சி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு உண்டு. அது அந்தச் சட்டத்தின் வாசகத்தை வைத்துச் சொன்னது. "சாதாரணமாக விசாரித்தால் தெரிந்திருக்கும்" என்றால் தெரிந்த மாதிரிதான் எடுத்துக்கொள்வார்கள். இன்றைக்கு சொத்து வரி நம்பரைத் தட்டினால் பாக்கி எவ்வளவு என்று செல்போனிலேயே வருகிறது. "விசாரிக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு போனால் எடுபடாது.

கரண்டு பாக்கிக்கு 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தது. விதியில் இடம் இருந்தால், பழைய பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று புதுச் சொந்தக்காரரிடம் மின்வாரியம் கேட்கலாம் என்பது அதன் சாரம். தண்ணீர் வரி, குழாய் பாக்கி, அடுக்கு மாடி என்றால் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய மாதப் பணம், எல்லாம் அட்வான்சு கொடுக்கும் முன்பே ரசீதாகக் கேட்டு வாங்க வேண்டியவை.

கடன் இருந்தால் வாங்கக் கூடாதா?

தாராளமாக வாங்கலாம். தெரிந்து வாங்கினால் ஆபத்து குறைவு. வீடு கடனில் இருக்கிறது என்று விற்பவரே சொன்னால் அவர் நாணயஸ்தர். விலையில் கடன் தொகையைப் பிடித்துக்கொண்டு, அதைக் கடன் கொடுத்தவரிடம் நேரே கட்ட வாங்குபவருக்கு 1882ம் வருஷச் சட்டமே உரிமை கொடுத்திருக்கிறது. விற்பவர் கையில் கொடுத்து, "நீங்கள் போய் அடைத்து விடுங்கள்" என்று சொல்வதுதான் ஆபத்து. பாங்கி பெயருக்கு டி.டி. எடுத்து, விற்பவரோடு பாங்கிக்கே போய், கடன் முடிந்த கடிதத்தையும் பத்திரக் கட்டையும் அங்கேயே வாங்கலாம்.

விற்பவர் இரண்டு வீட்டைச் சேர்த்து ஒரே கடனுக்கு அடமானம் வைத்து, அதில் ஒன்றை உங்களுக்கு விற்றிருந்தால், முதலில் அவரிடம் இருக்கும் மற்ற வீட்டில் வசூல் செய்யுங்கள் என்று கேட்கவும் உங்களுக்கு வழி உண்டு. இது பல பேருக்குத் தெரியாது. பாங்கிக்காரர்கள் தாங்களாக எடுத்துச் சொல்வதும் கிடையாது.

போலீசு விஷயத்துக்கு வந்தால், கடனை மறைத்து விற்பது ஏமாற்று வேலை. 2024 ஜூலை 1ம் தேதிக்கு முன் நடந்தது என்றால் பழைய 420. அதற்குப் பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. இரண்டிலும் 7 வருஷம் வரை ஜெயில். சென்னையில் பெரிய தொகை என்றால் வேப்பேரி கமிஷனர் ஆபீசில் உள்ள மத்திய குற்றப்பிரிவுக்குப் போகும். அங்கே காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால், பாதிப் பேர் கையில் இருப்பது வீட்டுப் பத்திர நகல்தான். ஆனால் போலீசு ஆளைப் பிடிக்கும், அடமானத்தை அழிக்காது. பாங்கிக்கு எதிரான மனுவுக்கு உள்ள 45 நாள் கெடு, புகார் கொடுத்தோம் என்பதற்காக நிற்காது.

ரசீது மறக்கக் கூடாது

கடன் தீர்ந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ரிஜிஸ்தர் ஆன அடமானம் என்றால், பாங்கி அதிகாரி வந்து ரசீதுப் பத்திரம் ரிஜிஸ்தர் செய்து கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வில்லங்கத்தில் பழைய வரி அப்படியே நிற்கும். நீங்கள் விற்கப் போகும்போது உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். செர்சாயிலும் பெயரை நீக்கச் சொல்ல வேண்டும்.

பத்திரத்தைத் திருப்பித் தர பாங்கிகள் மாதக்கணக்கில் இழுத்தடித்த காலம் ஒன்று இருந்தது. 2023 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டது. கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் ஒரிஜினல் பத்திரங்களைக் கொடுத்து, பதிவு செய்த அடமானத்தையும் நீக்க வேண்டும். பாங்கியின் காரணத்தால் தாமதம் ஆனால் ஒரு நாளைக்கு ரூ.5 ஆயிரம் வீதம் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 1ம் தேதி முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பத்திரத்தையே பாங்கி தொலைத்து விட்டால் நகல் வாங்கித் தரும் செலவும் பாங்கியுடையது. அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு.